கொல்லிமலைப் பிள்ளையும் வேலூர்ச் செருப்பும்: நோயாளியிடம் கேட்டுக் கற்ற மருத்துவத்தின் வரலாறு

நாமகிரிப்பேட்டை என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது மஞ்சள். இசையறிந்தோர்க்கு நாதஸ்வர வித்துவான் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் பெயரும் நினைவில் வரும். இவ்வூரின் ஒரு புறம் போதமலை. மறுபுறம், தென்கிழக்கே, கொல்லிமலை. 1914ஆம் ஆண்டு பிறந்து அந்தக் கொல்லிமலையில் வளர்ந்த ஒரு குழந்தை, பின்னாளில் உலகெங்கும் உணர்விழந்த கைகளையும் கால்களையும் காக்கும் முறையை வகுத்தது என்பதை நம் பகுதியினரிலேயே பலர் அறியார். அந்த முறை ஒரு மருத்துவரின் மேசையில் மட்டும் பிறந்ததன்று. நோயுற்றவர்கள் சொன்ன குறைகளும், அவர்களே விழித்திருந்து கண்டறிந்த உண்மைகளும், அவர்கள் அணிய மறுத்த செருப்புகளும் சேர்ந்து அதனை உருவாக்கின.

இன்று நம் குடும்பங்களில் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனோர் பலர் உள்ளனர். ஆகவே இவ்வரலாறு நமக்கு வெறும் பழங்கதை ஆகாது.

மலையில் வளர்ந்த பிள்ளை

ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் என்னும் ஆங்கிலேய இணையர் 1913ஆம் ஆண்டு வாக்கில் கொல்லிமலையில் குடியேறினர். அவர்கள் கிறிஸ்தவ ஊழியர்கள். மலேரியாக் காய்ச்சலுக்கும், நரம்புச் சிலந்திப் புழுவுக்கும், புண்களுக்கும் தமக்குத் தெரிந்த அளவில் மருத்துவம் செய்தனர். படிக்கிணற்றில் இறங்கி நீர் மொள்ளும் வழக்கத்தால் அப்புழு பரவியது. அக்காலத்து மலைவாழ் மக்களுக்கு அது பெருந்துன்பம்.

அவர்களின் மகன் பால் வில்சன் பிராண்ட் தம் ஒன்பதாம் வயது வரை அம்மலையில் வளர்ந்தார். பின் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1929இல் தந்தை ஜெஸ்ஸி காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். தாய் எவ்லின் முதுமையிலும் இம்மலைப் பகுதிகளை விட்டு நீங்காமல் பணியாற்றி 1974இல் மறைந்தார்.

பால் பிராண்ட் முதலில் கற்றது மருத்துவம் அன்று, தச்சும் கட்டடத் தொழிலும். சில ஆண்டுகள் மரத்தோடும் கல்லோடும் உழைத்த பின்னரே மருத்துவம் பயின்று அறுவை மருத்துவரானார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். கருவியைக் கையில் பிடித்து வேலை செய்தவருக்குக் கையின் அருமை தெரியும். பின்னாளில் அவர் செய்தவற்றில் தச்சரின் கண்ணும் மருத்துவரின் கண்ணும் சேர்ந்தே இயங்கின.

செங்கல்பட்டில் ஒரு கைப்பிடி

தொழுநோய் வல்லுநரான ராபர்ட் காக்ரேன், 1947இல் பிராண்டைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கி, நகத்தைப் போல் வளைந்த கைகளைக் கண்டார் பிராண்ட். அக்கைகள் செத்துப்போன கைகள் என்பதே அன்றைய பொதுக் கருத்து. ஒரு நோயாளியிடம் தம் கையை இறுகப் பிடிக்கும்படி கூறினார். வலுவின்றி இருக்கும் என எண்ணிய அந்தப் பிடி, அவருக்கு வலி எடுக்கும் அளவுக்கு உறுதியாக இருந்தது. பிடித்தவருக்கோ தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை.

அந்தப் பிடியிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்பட்டன. கையின் சில தசைகள் செயலிழந்தாலும் முன்கையின் வலுவான தசைகள் நன்றாகவே உள்ளன. ஆகவே நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு இணைத்துக் கையை விரிக்கச் செய்யலாம். இது முதல் உண்மை. 1948 முதல் வேலூரில் இத்தகைய அறுவைகள் நடந்தன. இரண்டாவது உண்மையின் முழுப் பொருள் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின: நோயைக் காட்டிலும் வலி தெரியாமையே உறுப்பை அழிக்கிறது.

பிச்சைக்கும் உதவாத கை

அறுவை வெற்றி பெற்றது. மடங்கிய விரல்கள் விரிந்தன. மருத்துவரின் பார்வையில் பணி முடிந்தது. ஆனால் குணமாகிச் சென்ற சிலர் மீண்டும் வந்து நின்றனர். வளைந்த கையைக் கண்டு இரங்கிப் பிச்சையிட்டவர்கள், நல்ல கையைக் கண்டதும் இடுவதில்லை. நோயின் வடு இருப்பதால் வேலையும் எவரும் தருவதில்லை. முன்னர் இருந்த பிழைப்பும் போயிற்று என்பது அவர்களின் முறையீடு.

இம்முறையீட்டை நன்றியின்மை எனத் தள்ளிவிடுவது எளிது. பிராண்டும் அவருடைய தோழர்களும் அவ்வாறு செய்யவில்லை. கையைச் சரிசெய்தோம், அக்கை வாழவேண்டிய வாழ்க்கையை எண்ணவில்லை என்று உணர்ந்தனர். 1951 வாக்கில் வேலூர் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ‘நவஜீவ நிலையம்’ என்ற எளிய குடியிருப்பு எழுந்தது. மண்சுவர் வீடுகளும் ஒரு தச்சுப்பட்டறையும் அங்கு அமைந்தன. அறுவை முடிந்த இளைஞர்கள் அங்கே தங்கி, மரப்பொம்மைகள் முதலியன செய்து தொழில் கற்றனர்.

நோயாளிகள் இன்னொன்றும் கேட்டனர். தொழுநோய் குணமான பின்னும் புருவமுடி உதிர்ந்த முகமும் அமுங்கிய மூக்கும் அவர்களைக் காட்டிக்கொடுத்தன. நோய்க் கிருமி உடலில் இல்லை. ஆயினும் ஊர் அவர்களை ஒதுக்கியது. உடலியக்கத்துக்குப் புருவம் பெரிதும் தேவைப்படுவதில்லை. ஆனால் வேலை கிடைக்கவும், மணம் நடக்கவும், பேருந்தில் பக்கத்தில் ஒருவர் அமரவும் அது தேவைப்பட்டது. ஆகவே தலைமுடித் தோலை எடுத்துப் புருவம் அமைக்கும் அறுவையும் மூக்கைச் சீரமைக்கும் அறுவையும் அங்கே நடந்தன.

நபித்தோழரின் மூக்கு

மூக்கைப் பற்றிய இச்செய்தி நம் மார்க்க வரலாற்றின் ஒரு நிகழ்வை நினைவூட்டுகிறது. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள், இஸ்லாத்திற்கு முந்தைய காலத்தில் குலாப் என்னும் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியால் ஒரு மூக்கு செய்து பொருத்திக்கொண்டார். அது நாளடைவில் நாற்றம் எடுத்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தங்கத்தால் மூக்கு செய்துகொள்ளும்படி அவருக்குக் கூறினார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். ஆயினும் அணிந்தவரின் துன்பம் கருதி, அப்பொருளே அவருக்கு அனுமதிக்கப்பட்டது. மூக்கு ஒன்று இருக்கிறதே, போதும் என்று அங்கே சொல்லப்படவில்லை. அதை அணிந்து அவர் மக்களிடையே வாழ முடிகிறதா என்பதே கருதப்பட்டது.

இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் வரலாறும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பத்ருப் போரில் கலந்துகொண்ட அவர், தம் கூட்டத்தாருக்குத் தொழுகை நடத்தி வந்தவர். அவருடைய பார்வை மங்கியது. மழைக் காலத்தில் இடையிலுள்ள ஓடை பெருக்கெடுத்தால் பள்ளிவாசல் செல்ல இயலவில்லை. தம் வீட்டிற்கு வந்து ஓரிடத்தில் தொழுதால், அவ்விடத்தையே தம் தொழுமிடமாக்கிக்கொள்வதாக நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினார். மறுநாள் அபூபக்ர் (ரலி) அவர்களோடு வந்த நபி (ஸல்) அவர்கள், வீட்டினுள் நுழைந்ததும் அமரவில்லை. வீட்டின் எந்தப் பகுதியில் தாம் தொழவேண்டும் என விரும்புகிறீர் என்று முதலில் கேட்டார்கள். இத்பான் (ரலி) ஒரு மூலையைக் காட்ட, அங்கே நின்று தொழுதார்கள். புகாரீயில் உள்ள இச்செய்தியில், இடத்தைத் தேர்ந்தவர் பார்வை மங்கியவரே. அவ்வீட்டில் நடந்து பழகியவரும் அவரே.

புண் எங்கிருந்து வந்தது?

மீண்டும் வேலூருக்கு வருவோம். நவஜீவ நிலையத்தில் தங்கியவர்களின் சீரமைத்த கைகளில் புதுப் புண்கள் தோன்றின. விரல்கள் மேலும் குறுகின. தொழுநோய் சதையை அழுகச் செய்யும் என்பது அக்கால நம்பிக்கை. புண்ணுக்கு அதுவே காரணம் என்று கூறி நிறுத்திவிடலாம். ஆனால் மருத்துவரும் அங்கு வாழ்ந்தவர்களும் சேர்ந்து ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடத் தொடங்கினர்.

ஒரு நாள், துருவேறிய பூட்டொன்று பிராண்டின் கைக்குத் திறக்கவில்லை. அங்கிருந்த சிறுவன் ஒருவன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலைப் பார்த்தால், சாவி எலும்பு வரை வெட்டியிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. சுத்தியலின் பிளந்த கைப்பிடி, அடுப்பிலிருந்து வெறுங்கையால் எடுத்த பாத்திரம் என்று ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு கதை வெளிப்பட்டது. ஆனால் இரவில் உறங்கும்போது விரல் நுனி காணாமற்போவதற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. நிலையத்திலிருந்தவர்களே இரவில் விழித்திருந்து காவல் காத்தனர். எலிகள் வந்து, வலி உணராத விரல்களைக் கடிப்பதைக் கண்டனர். அதன்பின் வீடு திரும்புவோருக்குப் பூனை ஒன்றைக் கொடுத்தனுப்புவது வழக்கமாயிற்று.

எந்த மருத்துவ நூலிலும் இல்லாத மருந்து அது. எங்கே உறங்குகிறார்கள், எதில் சமைக்கிறார்கள், எதைப் பிடித்து வேலை செய்கிறார்கள் என்பதை அவ்வீட்டில் வாழ்பவரே அறிவார். அவர்களின் கண்களைத் துணைகொண்ட பின்னரே கருவிகளின் கைப்பிடிகள் பருமனாகவும் வழவழப்பாகவும் மாற்றப்பட்டன. மாலைதோறும் கைகளையும் கால்களையும் தாமே கண்ணால் பார்த்துச் சோதிக்கும் பழக்கமும் ஏற்பட்டது.

ஒரு செருப்பின் கதை

கைக்கு அடுத்துக் கால். உள்ளங்கால் புண்கள் ஆறுவதும் மீண்டும் வெடிப்பதுமாக இருந்தன. நமக்குக் கால் வலித்தால் அறியாமலே நடையை மாற்றி, எடையை வேறு பக்கம் சாய்த்துக்கொள்கிறோம். உணர்விழந்தவர் அவ்வாறு மாற்றுவதில்லை. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை அழுத்தம் விழ, உள்ளே திசு நைந்து புண்ணாகிறது. மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பரப்பினால் அதே புண் ஆறியது. ஆகவே சதை கெட்ட சதை அன்று என்பது உறுதியாயிற்று.

கட்டு அவிழ்த்தபின் என்ன அணிவது? மரத்தாலும் தோலாலும் மெழுகு வார்ப்பாலும் பல வகைக் காலணிகள் செய்து பார்க்கப்பட்டன. ஆணி அடித்த செருப்பு ஆகாது. ஆணி மேலெழுந்து குத்தினாலும் அணிந்தவருக்குத் தெரியாது. விரலிடுக்கில் வார் கொண்ட செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. ஆகவே குதிகாலைச் சுற்றிப் பின்வார் வேண்டும். கடைசியில் நுண்ணிய காற்றறைகள் கொண்ட மென்மையான ரப்பர் மேலே, முள் குத்தாத கடினமான அடிப்பகுதி கீழே என்ற அமைப்பு நிலைபெற்றது. ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று இன்று மருத்துவமனைகளில் வழங்கும் காலணி இதுவே. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மையமும் இப்பணியில் பெரும்பங்காற்றியது.

இங்கும் பயன்படுத்துவோரின் சொல்லே பாடமாயிற்று. மருத்துவ முறைப்படி சரியாகச் செய்த செருப்பைப் பலர் அணியாமல் மூலையில் போட்டனர். அதன் விந்தையான தோற்றத்தைக் கண்டதும், இவர் தொழுநோயாளி என்று ஊர் அறிந்துகொண்டது. காலைக் காக்கும் செருப்பு மானத்தைக் காக்கவில்லை. பின்வந்தோர் அதே ரப்பரைக் கொண்டு, கடையில் விற்கும் செருப்பைப் போன்ற தோற்றத்தில் காலணிகள் செய்யலாயினர். கால் புண்ணின் அறிவியலை மருத்துவர் அறிந்திருந்தார். தெருவில் நடப்பதன் கூச்சத்தை அணிபவரே சொல்ல வேண்டியிருந்தது.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். வேலூரில் கற்றவை அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் காக்கவும் பயன்பட்டன. 2003இல் அவர் காலமானார்.

சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

வேலூரின் வரலாற்றில் இன்னொருவரைச் சொல்லாமல் கடக்க இயலாது. மேரி வர்கீஸ் என்னும் இளம் மருத்துவர் 1954 சனவரியில் நேர்ந்த வாகன விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பிராண்டின் ஊக்கத்தால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். பின் வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1963இல் வேலூரில் அதற்கெனத் தனித்துறையைத் தொடங்கினார். 1966இல் மறுவாழ்வு நிறுவனம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

முன்னர் நோயாளியின் சொல்லை மருத்துவர் கேட்டார். இங்கே அத்துன்பத்தை அனுபவித்தவரே துறையின் தலைவராக அமர்ந்து திட்டம் வகுத்தார். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் இவ்வகையினது. கழுத்துக்குக் கீழ் செயலிழந்த ஒருவர், தம்மைப் போன்றோருக்காக எழுப்பிய நிறுவனம் அது.

தரையில் அமரும் மக்கள்

தமிழகத்திற்கு வெளியே, ஜெய்ப்பூர் செயற்கைக் காலின் வரலாறும் இதையே கூறுகிறது. 1960களில் அந்நகரின் அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தி, மேல்நாட்டு முறையிலான செயற்கைக் கால்களை நோயாளிகளுக்கு அளித்து வந்தார். பலர் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் ஊன்றுகோலையே நாடினர். அக்கால்கள் பூட்ஸ் அணிந்து, நாற்காலியில் அமர்ந்து வாழ்வோர்க்காகச் செய்தவை. கணுக்கால் மடங்காது. அவற்றோடு குந்தி உட்கார முடியாது, சம்மணமிட முடியாது, சேற்று வயலில் வெறுங்காலோடு இறங்க முடியாது.

அங்கு பணியாற்றிய ராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞர், பள்ளிப் படிப்பு மிகக் குறைவாக உள்ளவர். அவரும் சேத்தியும் பிற மருத்துவர்களும் சேர்ந்து, டயர் பட்டறையில் வழங்கும் ரப்பர் வார்க்கும் முறையைக் கொண்டு, வளைந்து கொடுக்கும் பாதம் ஒன்றை 1960களின் இறுதியில் உருவாக்கினர். அதில் செருப்பில்லாமலும் நடக்கலாம். 1981இல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது.

தரையில் அமர்வது நமக்கு உணவோடும் உறவோடும் மட்டும் நில்லாமல், நாள்தோறும் ஐவேளைத் தொழுகையோடும் பிணைந்தது. நாற்காலியை மட்டும் அறிந்தவர் வடிவமைக்கும் காலில், இருப்பும் சுஜூதும் கணக்கில் சேரா. அவற்றை எடுத்துச் சொல்ல வேண்டியவர் அக்காலை அணிபவரே.

நம் பள்ளிவாசல், நம் வீடு

2006இல் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. மறு ஆண்டு இந்தியா அதனை உறுதி செய்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அவர்களுக்கான உரிமைகளை விரித்துரைத்தது. தொழுநோயால் பாதிக்கப்பட்டோரைப் பிரித்து வைத்த 1898ஆம் ஆண்டுச் சட்டமும் அதே 2016இல்தான் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மருந்தையும் இயன்முறை மருத்துவத்தையும் வீட்டு வாசலுக்குக் கொணர்ந்தது. சாலையின்றி நோயாளியைத் தூளியில் சுமந்து இறங்கிய போதமலை மக்களின் துயரை அறிந்த இப்பகுதியினருக்கு, சேவை நோயாளியிடம் வரவேண்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சட்டமும் அரசும் செய்ய வேண்டியவை ஒரு புறம் இருக்கட்டும். நம் கையில் உள்ளவை சில உண்டு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. அவர்களுள் பாத உணர்வு குன்றியோர் பலர். வேலூரில் கண்ட துன்பம் இன்று நம் வீட்டுப் பெரியவர்களின் காலடியில் உள்ளது. அவர்கள் பள்ளிவாசல் வாயிலில் செருப்பைக் கழற்றுகிறார்கள். கோடையின் லுஹர் நேரத்தில் கொதிக்கும் கல்தரையைக் கடந்து ஹவுளுக்குச் செல்கிறார்கள். ஈரத்தரையில் நின்றபடி ஒரு காலைத் தூக்கி ஒளுச் செய்கிறார்கள். கால் சுட்டது அவர்களுக்குத் தெரியாது. மறுநாள் கொப்புளத்தைக் கண்டபின்பே தெரியும். உம்ரா, ஹஜ் பயணத்திலும் இதே இடர் உண்டு.

ஜமாஅத் நிர்வாகிகள் பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போது, வரைபடம் போடுவதற்கு முன்னர் முதியோரையும், ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் வருவோரையும், பார்வையற்றோரையும் அழைத்து அமர வைத்துக் கேட்பது நலம். செருப்பு வைக்குமிடத்திலிருந்து ஒளுச் செய்யுமிடம் வரை விரிப்பு வேண்டுமா? அமர்ந்து ஒளுச் செய்யும் திண்ணை எவ்வளவு உயரம் இருந்தால் எழ முடிகிறது? கைப்பிடி எந்தப் பக்கம் வேண்டும்? சாய்தளத்தில் உதவியாளின்றி ஏற முடிகிறதா? பெண்கள் தொழுமிடம் உள்ள பள்ளிகளில் இவற்றைப் பெண்களிடமும் கேட்க வேண்டும். பலமுறை, சாய்தளம் கட்டப்பட்டிருக்கும். ஆனால் அதன் முடிவில் ஒரு படி இருக்கும். அதில் ஏறவேண்டியவர் ஒருவரை முன்பே கேட்டிருந்தால் அப்படி வந்திருக்காது.

வீட்டில் சர்க்கரை நோயுள்ள தாய் தந்தையர் இருப்பின், அவர்களின் உள்ளங்காலை நாள்தோறும் இரவில் ஒருமுறை பார்ப்பதை வழக்கமாக்குவோம். வேலூர் மண்வீடுகளில் தொடங்கிய பழக்கம் அது. காசு ஏதும் செலவாகாது. மருத்துவர் எழுதித்தந்த செருப்பை அவர்கள் அணியாமல் ஒதுக்கினால், கடிந்துகொள்ளும் முன் ஏன் என்று கேட்போம். வார் அழுத்துகிறதா, வழுக்குகிறதா, பிறர் பார்க்கிறார்கள் என்ற கூச்சமா என்பது அப்போது தெரியவரும். அவ்விடையை மருத்துவரிடமும் செருப்பு செய்பவரிடமும் கொண்டு சேர்த்தால், அடுத்த செருப்பு அவர்கள் காலில் இருக்கும்.